பஞ்சை எடுத்த பேண்ட்டும் பிழைத்த காலும்

என் இடது கால் இன்னும் என் உடம்போடுதான் இருக்கிறது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிக் கதை என்றால் கால் இருக்கிறதா, போய்விட்டதா என்று படிக்கிறவர்கள் கடைசி வரை தேட வேண்டியிருக்கும். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம். ஆனால் கால் இருப்பது வேறு, அது காலாக இருப்பது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் கிடந்த நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மரம் ஏறி வெட்டுகிறவன். பெயர் ஏழுமலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை, மீஞ்சூர், காட்டுப்பள்ளி என்று கம்பெனி இருக்கிற இடமெல்லாம் எனக்கு வேலை இருக்கும். ஷெட்டின் மேல் சாய்ந்த மரம், கரண்ட் கம்பியைத் தொடுகிற மரம், புயலில் பாதி பிளந்து நிற்கிற மரம். கயிறு கட்டி மேலே போய், செயின்சாவால் கிளை கிளையாக அறுத்துக் கீழே இறக்குவேன். கீழே கயிறு பிடிப்பவன் சீனு, ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துக்காரன். பதினோரு வருஷமாக என் உயிரை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். இந்த வேலைக்குக் கண்ணைவிடப் பாதம் முக்கியம். பூட்ஸுக்குள் இருந்தாலும், எது பச்சைக் கிளை, எது உளுத்த கிளை என்று பாதம்தான் முதலில் சொல்லும்.

மரம் வெட்டுவது பிழைப்பு. வெட்டியபின் மிஞ்சுகிற அடிமரத்தில் அதே செயின்சாவை வைத்து உருவம் செதுக்குவது என் கிறுக்கு. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் மதியம் லாரி வராமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு வேப்பங்கட்டையில் ஆந்தை செய்தேன். சீனு அதைப் பார்த்துவிட்டு, "நைனா, இது ஆந்தையா, உங்க மாமனாரா?" என்று கேட்டான். அதிலிருந்து விடவில்லை. ஒரு சிங்கம், இரண்டு ஆமை, ஒரு பிள்ளையார் என்று தொழிற்பேட்டையில் என் கை பட்டவை சில நிற்கின்றன.

அங்கே ஓர் இரும்புக்கம்பி கம்பெனியில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றை இறக்கினோம். வாசலில் ஏழடி அடிமரம் நின்றது. மேனேஜர் ஆசைப்பட்டதால் அதில் ஒரு கூழைக்கடா செதுக்க ஒப்புக்கொண்டேன். பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். பை தொங்குகிற நீண்ட அலகு.

அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கலைவாணி மேடம். செவ்வாப்பேட்டையில் இருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர். கேட்டிலேயே நிறுத்தி ஹெல்மெட், முகவலை, காதுமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். எங்களுக்காகவே செயின்சா பேண்ட் வரவழைத்தார். வெளியே தடித்த துணி. தொடை முதல் கணுக்கால் வரை உள்ளே வெள்ளை நூல் அடுக்குகள், பஞ்சு மாதிரி. ஒரு கட்டையில் அந்தத் துணியைச் சுற்றி, என்னையே விட்டு செயின்சாவை ஓட்டச் சொன்னார். பல் பட்ட கணத்தில் நூல் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து சங்கிலிக்குள் சுற்றிக்கொண்டு, மெஷின் அடைத்து நின்றுவிட்டது. கட்டையில் ஒரு கீறல் இல்லை. "இது வாளைத் தடுக்கிற துணி இல்ல. வாளுக்குள்ள போய் சிக்கி அதை நிறுத்துற துணி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிய கை வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்று கேளுங்கள். வைகாசி வெயிலில் அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு காலும் இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல் வேகும். தொடை முழுக்க வேர்க்குரு வந்து புண்ணானது. என் மனைவி பத்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். என் மாமன் மகளும்கூட. பவுடர் போட்டு விசிறிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இந்தப் பஞ்சு தான சூடு? இத்த எடுத்துட்டு அப்டியே தச்சுடட்டா? வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"கேட்டுல மேடம் தொட்டுப் பாத்தா?"

"ஆம்பள காலை எந்த மேடம் தொட்டுப் பாக்கும்? போ மாமா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிளேடால் தையலைப் பிரித்து, அடுக்கு அடுக்காக எடுத்து, துளிகூடத் தெரியாமல் திரும்பத் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அந்தப் பேண்ட்டில் எனக்கு மகாராஜா மாதிரி இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் காசுகூடச் செலவழிக்கவில்லை.

மரத்தின் மேல் ஐம்பதடி உயரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தரையில், நிழலில், இரண்டு காலும் மண்ணில் ஊன்றி நிற்கும்போதுதான் நடந்தது. கூழைக்கடாவின் அலகுக்கு அடியில் குடைந்துகொண்டிருந்தேன். மரத்தூளைத் தட்டிவிட இடது கையை எடுத்தேன். வாளின் நுனி மேல்பக்கம் மரத்தில் இடித்தால் மெஷின் பின்னால் எகிறும். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒற்றைக் கையில் அது நிற்கவில்லை. எகிறித் திரும்பி, இடது தொடையின் உள்பக்கம், முட்டிக்குச் சற்று மேலே இறங்கியது. வலி முதலில் வரவில்லை. பூட்ஸுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். அப்படியே விழுந்தேன்.

சீனு கயிற்றை எடுத்துத் தொடைக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினான். முதலுதவி வகுப்பில் மேடம் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அவன் உட்கார்ந்து கேட்டிருந்தான். 108 வண்டியில் சென்னை வரை முறுக்கிய குச்சியை விடவே இல்லை.

"நைனா, கண்ண மூடாத. என்னய திட்டிக்கினாவது வா. பேசு."

"தண்ணி குடு."

"ஒண்ணும் குடுக்க மாட்டேன். திட்டு."

திட்டினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளும் தீர்ந்து, அவன் சொல்லிக்கொடுத்த தெலுங்குக் கெட்ட வார்த்தைகளும் தீரும்போது ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அவன் இல்லையென்றால் நான் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அரசு ஆஸ்பத்திரி. ரத்தக்குழாய்க்கென்றே தனி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அறுந்துவிட்டது என்று பத்மாவிடம் சொன்னார்கள். ரத்தம் போகாமல் நேரம் ஆக ஆக, கீழே உள்ள சதை சாக ஆரம்பிக்கும். வலது காலில் இருந்து ஒரு நரம்பை, அதாவது ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற மெல்லிய குழாயை எடுத்து, இடது காலில் ஒட்டுப் போடுவார்கள். அது பிடிக்கவில்லை என்றால் முட்டிக்கு மேலே எடுத்துவிட வேண்டியதுதான். "சம்மதம்னு இங்க கையெழுத்து போடும்மா." அவள் விரலில் அப்போதும் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒட்டியிருந்ததாம். காகிதத்தில் வெள்ளையாகத் தடம் விழுந்ததைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு சொன்னாள்.

நான் கண் விழித்தபோது காலைப் பார்க்கவில்லை. பயம். பக்கத்தில் நின்ற ஜெயந்தி சிஸ்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து என் பாதத்தின் மேல் வைத்தார். அதோடு சேர்ந்த சின்னப் பெட்டியில் இருந்து முதலில் கரகரப்பு. பிறகு உஷ்... உஷ்... உஷ்.

"கேக்குதா? உன் ரத்தம் ஓடுற சத்தம். கால் உயிரோட இருக்கு."

அந்தக் கருவிக்கு டாப்ளர் என்று பெயர். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம், அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் வைப்பார். கொஞ்சம் இடம் தேடுவார். அந்த நேரத்தில் எனக்கு மூச்சு நிற்கும். சத்தம் வந்ததும் வார்டில் இருக்கிற எல்லாருக்கும் என் சொத்தை எழுதி வைக்கலாம் போலிருக்கும். நல்லவேளை, சொத்து இல்லை.

ரத்தம் திரும்பி வந்ததில் இன்னொரு தொல்லை உண்டாம். பட்டினி கிடந்த சதை திடீரென்று ரத்தம் கிடைத்ததும் வீங்கும். சதையைச் சுற்றி இருக்கிற உறை விரியாது, உள்ளேயே நெரிபடும். அதனால் கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்துத் திறந்தே விட்டிருந்தார்கள். கட்டுப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும், நான் இதுவரை வெட்டிய மரங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்று பார்ப்பதாகத் தோன்றும். பத்து நாள் கழித்து வலது தொடையில் இருந்து தோல் சீவி அங்கே ஒட்டினார்கள். நரம்பு கொடுத்தது, தோல் கொடுத்தது எல்லாம் வலது கால்தான். கூடப்பிறந்தவன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஆனால் பாதத்தில் உணர்ச்சி இல்லை. டாக்டர் குண்டூசியால் குத்துவார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். "இப்ப?" "இல்ல சார்." "இப்ப?" "இல்ல." ரத்தம் இல்லாமல் கிடந்த நேரத்தில் உணர்ச்சி நரம்புகள் அடிபட்டிருக்கின்றன என்றார். சில பேருக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது.

"திரும்பலைன்னா நடக்கலாமா சார்?"

"நடக்கலாம்."

"மரம் ஏறலாமா?"

அவர் குண்டூசியைப் பெட்டியில் வைத்தார். "முதல்ல நடப்போம், ஏழுமலை" என்றார். பதில் எனக்குப் புரிந்துவிட்டது.

பத்மா வராண்டாவில் பாய் போட்டுக் கிடந்தாள். பிள்ளைகள் அவள் தங்கை வீட்டில். பக்கத்துப் பாயில் பழவேற்காட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற குடும்பத்து பாத்திமா அம்மா, தன் மகனுக்காகக் காத்திருந்தார். அவர் வீட்டில் இருந்து காலையில் வருகிற நாஷ்டாவில் பாதி பத்மாவுக்கு. வேண்டாம் என்றால் விடமாட்டாராம். "நீ துன்னாதான் அவன் எழுந்திருப்பான். துன்னு." மருந்துக்கும் கட்டுக்கும் அரசுக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. வெளியே வாங்க வேண்டியதற்குச் சீனு எங்கெங்கோ டப்பு புரட்டி வந்து பத்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் மூச்சு விடவில்லை.

காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்றார் சிஸ்டர். வார்டில் தலையணைக்குப் பஞ்சம். பத்மா வீட்டுக்குப் போனவள், தையல் மெஷினுக்கு முன்னால் தான் போட்டு உட்காருகிற பூப்போட்ட மெத்தையை எடுத்து வந்து என் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துதான் எனக்கு உறைத்தது. பேண்ட்டில் இருந்து எடுத்த பஞ்சை வீணாக்காமல் அவள் அடைத்துத் தைத்த மெத்தை அது. அவளுக்கும் அது தெரியும் என்பது, அவள் அந்த மெத்தைப் பக்கம் பார்க்காமலே என் காலைத் துடைப்பதில் தெரிந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் கலைவாணி மேடம் பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்க ஏழுமலை. நல்ல பேண்ட்னு நம்பி நான்தான் வாங்கினேன். போலி போல. சப்ளையர்கிட்ட சண்டை போட்டுட்டிருக்கேன். மேல இருந்து என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க. பதில் எழுதணும். எழுதினாலும் வேலை நிக்குமான்னு தெரியல."

கம்பெனி ஏதோ உதவி செய்யும் என்று பேச்சு இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; நான் மறைக்கப் பார்த்தேன். "பரவால்ல மேடம்" என்றேன். அந்தப் பெண்மணி என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

பத்மா எழுந்தாள். என் காலை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கிப் போர்வைச் சுருட்டின் மேல் வைத்துவிட்டு, மெத்தையை எடுத்தாள். பையில் இருந்த பிளேடால் ஓரத் தையலைப் பிரித்தாள். உள்ளே கைவிட்டு, வெள்ளை நூல் அடுக்கை இழுத்து மேடத்தின் மடியில் போட்டாள்.

"பேண்ட்டு போலி இல்ல மேடம். பஞ்சு இங்க கீது. நான்தான் பிரிச்சேன். அவருக்கு வேர்க்குரு தாங்கல. கேட்டுல தெரியாதுன்னு நான்தான் சொன்னேன். அவர ஒண்ணும் கேக்காதீங்க, இன்னா பண்றதோ என்னய பண்ணுங்க."

"போட்டுக்கினு போனது நானு" என்றேன்.

"நீ சும்மா இரு மாமா."

"நீ இரு. மேடம், மெஷின் நின்னத நான் கண்ணால பாத்தவன். தெரிஞ்சே போட்டேன்."

மேடம் அந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் சிவந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார். "உங்களுக்கு அறிவிருக்கா? மூணு வாரமா நான் தூங்கல, தெரியுமா?" வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். "கூடவே இன்னொண்ணும் எழுதுவேன். இந்தப் பேண்ட்டை மே மாச வெயில்ல நான் ஒரு மணி நேரம்கூடப் போட்டுப் பார்க்கல. போட்டிருந்தா உங்களை மதியம் வேலைக்கு விட்டிருக்க மாட்டேன்."

அவர் சொன்னதைச் செய்தார். சீனு வந்து சொன்னான்: மேடம் அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு காலைப் பொழுது முழுக்க யார்டில் நடந்தாராம். "பதினோரு மணிக்கே பேஜாரா பூட்டாங்க நைனா." அதற்குப்பின் அங்கே மரம் வெட்டும் வேலை காலை ஆறில் இருந்து பத்து வரைதான், முன்பக்கம் மட்டும் நூல் அடுக்கு வைத்து, பின்பக்கம் காற்று போகிற மாதிரி வேறு பேண்ட்டும் வந்திருக்கிறது. மேடத்தின் வேலை போகவில்லை. கம்பெனி உதவியும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நான் மனசாரச் சொல்வது காலைப் பற்றி மட்டும் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயந்தி சிஸ்டர் கடைசியாக ஒரு தரம் டாப்ளர் வைத்து, "வீட்டுக்குப் போய் இந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வராது உனக்கு" என்றார். வாக்கர் பிடித்து நடந்தேன், பிறகு கம்பு, பிறகு சுவர். பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். செருப்பு கழன்றாலும் தெரியாது. ஒரு நாள் கண்ணாடித் துண்டு குத்தி, தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்று பத்மா எனக்குத் தெரியாமல் அழுதாள். தான் அழுவது எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

அவள் மனசில் இருந்ததை ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். "நான் நல்லதுன்னு நெனச்சி பண்ணது மாமா." எனக்குத் தெரியும் என்றேன். வேர்க்குருவுக்கு விசிறிவிட்ட கைதான் அந்தத் தையலைப் பிரித்தது. அதை எப்படித் திட்டுவது? சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் நம்பவில்லை. பாதம் மரத்துக் கிடக்கிற வரை நம்பமாட்டாள் என்று எனக்கும் தெரிந்தது.

நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அவள்தான் குளிப்பாட்டுவாள். உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் தெரியாது என்பதால், முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் தண்ணீரை என் மேல் ஊற்றுவாள். அன்று தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க ஒரு பெண் வந்து வாசலில் கூப்பிட்டாள். "தோ வரேன், கொஞ்சம் இரு" என்று திரும்பிச் சத்தம் போட்டுக்கொண்டே, பச்சைத் தண்ணீர் விளாவாத வாளியில் சொம்பை விட்டு மொண்டு என் இடது பாதத்தில் ஊற்றிவிட்டாள்.

"ஏய், சுடுதுடி!"

சொம்பு அவள் கையில் இருந்து விழுந்தது. "ஐயோ, மறுபடியும் நானே..." என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சொன்ன?"

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. "சுடுது" என்றேன். "சுண்டுவிரல் பக்கம். அங்கதான். சுடுது."

வாசலில் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். பத்மா காதில் விழவில்லை. என் பாதம் சிவந்திருந்தது. அவள் சொம்பை எடுத்தாள். வாளியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். பழக்கதோஷத்தில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சொம்பு மொண்டு அதே இடத்தில் மெதுவாக ஊற்றினாள்.

"இப்ப?"

"வெதுவெதுன்னு கீது."

வாளி காலியாகும் வரை அந்த ஒரு விரல் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.